கோடியில் இரண்டு பங்கு

சேலம், நாமக்கல் சமவெளியில் பல வீடுகளில் இரண்டு வகைத் தண்ணீர் புழங்கும். குடிக்கவும் சோறு பொங்கவும் நல்ல தண்ணி. துவைக்க, கழுவ, மாட்டுக்குக் காட்ட உப்புத் தண்ணி. நல்ல தண்ணி என்றால் குழாயில் வரும் காவிரி. உப்புத் தண்ணி என்றால் போர் போட்டு எடுத்தது. தறிச் சத்தம் ஓயாத ஜலகண்டாபுரம் பேரூராட்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இதே பேச்சுத்தான். வடமேற்கே, அதிகத் தூரமில்லை, 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணை. 120 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கும். காலுக்குக் கீழேயோ கடும்பாறை. அதன் விரிசல்களில் தேங்கிக் கிடப்பதுதான் நிலத்தடி நீர்.

நல்லது, உப்பு என்று பிரித்துச் சொல்வது நாக்கு. அது அப்படியொன்றும் மோசமான கருவி அல்ல. ஒரு லிட்டரில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் உப்புகள் கரைந்திருந்தால் வாயில் வைத்ததுமே சொல்லிவிடும். ஆனால் உடம்பைக் கெடுப்பதில் முன்னால் நிற்பவை நாக்குக்குத் தெரியும் உப்புகள் அல்ல. டைபாய்டு கிருமிக்குச் சுவை கிடையாது. ஃபுளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் குடிநீரில் இருக்கும் அளவில் ருசியும் இல்லை, நிறமும் இல்லை. நாக்குக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு பதிவேடு, குடிநீர் வடிகால் வாரியத்தில் ஓர் ஆய்வகம், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் ஒரு பொறியாளர் என்று ஏற்பாடுகள் இருக்கின்றன. இவர்கள் என்ன பார்க்கிறார்கள், எங்கே நின்று பார்க்கிறார்கள் என்பதுதான் இந்த அத்தியாயம்.

மிஞ்சினால் போதும்

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின் பெயர் ஐ.எஸ். 10500. 1983-இல் முதலில் வந்தது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதில் பத்தி பத்தியாக எண்கள். ஏறத்தாழ எல்லாமே 'இதற்கு மேல் போகக் கூடாது' என்ற வகை. ஃபுளோரைடு 1 மில்லிகிராம், வேறு வழியில்லாவிட்டால் 1.5. நைட்ரேட் 45. மொத்தக் கரைபொருள் 500, வேறு வழியில்லாவிட்டால் 2,000. இவ்வளவுக்கும் நடுவே ஓர் எண் மட்டும் எதிர்த்திசையில் நிற்கிறது: எஞ்சிய குளோரின், லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம். இது கட்டாயம் இருந்தாக வேண்டிய அளவு. ஒரு கோடிப் பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு குளோரின். அதை அளக்க வேண்டிய இடம் தொட்டி அல்ல; தண்ணீரை வாங்கிக் குடிப்பவரின் குழாய்.

ஏன் இந்த விநோதம்? தொட்டியில் கலந்த குளோரின் கிருமிகளை மட்டும் தேடிப் போவதில்லை. வழியில் இருக்கும் இரும்பு, இலை மட்கிய கரிமப்பொருள், அமோனியா, குழாயின் உட்சுவரில் வழவழப்பாகப் படிந்திருக்கும் நுண்ணுயிர்ப் படலம் என எல்லாவற்றோடும் வினைபுரிந்து தீர்ந்துபோகும். வெயில் ஏறினால் இன்னும் வேகமாகத் தீரும். சந்தைக்குப் போனவர் எல்லாச் செலவும் முடித்துத் திரும்பும்போது மடியில் பத்து ரூபாய் மிஞ்சியிருந்தால், எந்தக் கடையிலும் கடன் வைக்கவில்லை என்று நம்பலாம். கடைசிக் குழாயில் குளோரின் மிஞ்சியிருப்பதும் அப்படித்தான். வழியில் இருந்த அழுக்கெல்லாம் தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகும் கையிருப்பு உண்டு என்பதற்கு அதுவே அத்தாட்சி. மிச்சம் இல்லையென்றால் அழுக்கு ஜெயித்திருக்கலாம். எங்கே ஜெயித்தது என்பதைத்தான் இனித் தேட வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் போட 200 கிராம் குளோரின் வேண்டும். புதிய ப்ளீச்சிங் பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு குளோரின் உண்டு. ஆகவே 600 கிராம் பவுடர் போதும். ஆனால் மூட்டையின் வாயைப் பிரித்து, ஈரம் ஏறும் அறையில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் அந்த 33 மெல்ல மெல்ல இறங்கும். 15-க்கு வந்துவிட்டால் அதே தொட்டிக்கு 1.3 கிலோவுக்கு மேல் தேவை. பழைய பவுடரைப் பழைய அளவிலேயே போடுகிறவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறார். பதிவேட்டிலும் 600 கிராம் என்று சரியாகவே எழுதுகிறார். தண்ணீருக்குக் கிடைப்பது பாதிக்கும் குறைவு.

பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டுவதும் தவறு. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விட்டுவிட வேண்டும். மேலே தெளிந்து நிற்கும் நீரில்தான் குளோரின் இருக்கிறது. அதை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்து வால்வைத் திறக்க வேண்டும். குளோரினுக்கு வேலை செய்ய அவகாசம் தேவை.

பிறகு தெருக்கோடிக் குழாய்க்குப் போய்ச் சோதிக்க வேண்டும். சிறிய கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, ஆர்த்தோடொலிடின் சில சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். வெள்ளைப் பின்னணியில் வைத்து நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும், அதுவும் பத்து விநாடிக்குள். தாமதித்தால் அமோனியாவோடு கூடிக் கிடக்கும் வீரியமற்ற குளோரினும் நிறம் காட்டத் தொடங்கும், 0.1 என்பது 0.3 போலத் தெரியும். சோதித்த தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும், அந்த மருந்து உடம்புக்கு ஆகாது. இப்போது டி.பி.டி. மாத்திரை பரவலாகிவிட்டது. அதில் நிறம் இளஞ்சிவப்பு.

குழாய் காலியாகும் நேரம்

நம் ஊர்களில் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுவதில்லை. முறைவைத்து விடுகிறார்கள். வால்வை மூடியதும் குழாய்க்குள் அழுத்தம் விழுகிறது. தாழ்வான வீடுகள் மிச்சத் தண்ணீரை இழுத்துக்கொள்ள, மேட்டுப்பகுதிக் குழாயில் வெற்றிடம் உண்டாகிறது. அந்த இடத்தில் குழாயில் ஒரு விரிசலும் அதை ஒட்டி ஒரு சாக்கடையும் இருந்துவிட்டால், தண்ணீர் வெளியே கசிவதற்குப் பதில் சாக்கடை உள்ளே கசியும். மறுமுறை வால்வைத் திறந்ததும் முதலில் வந்து சேர்வது அந்தக் கலவைதான்.

குடிநீர் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள் இதை இன்னும் மோசமாக்குகின்றன. பேரூராட்சி ஆட்கள் அந்த மோட்டார்களைப் பறிமுதல் செய்யும்போது, பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை என்ற சண்டைக்காகத்தான் என்று ஊர் நினைத்துக்கொள்கிறது. காரணம் அது மட்டுமல்ல. அந்த மோட்டார் தண்ணீரை மட்டும் தேர்ந்து உறிஞ்சுவதில்லை. விரிசலுக்கு வெளியே எது நிற்கிறதோ அதையும் சேர்த்தே இழுக்கிறது. தொட்டியில் கலந்த குளோரின் எவ்வளவு சரியாக இருந்தாலும் இந்த ஒரு விரிசலில் தோற்றுவிடும்.

கிருமிக்குப் பதில் அதன் சாட்சி

குளோரின் இருந்ததா என்று பார்ப்பது ஒன்று, கிருமி போயிற்றா என்று பார்ப்பது இன்னொன்று. டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலைக் கிருமிகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் தேடுவது நடக்கிற காரியமில்லை. அதனால் 1885-இல் தியோடர் எஷ்ரிக் என்ற ஜெர்மன்–ஆஸ்திரிய மருத்துவர் குழந்தைகளின் மலத்தில் கண்டறிந்த ஒரு பாக்டீரியத்தைச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். இன்று அதன் பெயர் ஈ.கோலை. பெரும்பாலான வகைகள் சாதுவானவை. ஆனால் மனிதக் குடலிலும் விலங்குக் குடலிலும் வாழ்பவை. தண்ணீரில் அது இருந்தால் அங்கே மலம் கலந்திருக்கிறது. மலம் கலந்தால் நோயும் கலந்திருக்கலாம். 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி.

இதற்கு மாதிரி எடுப்பதே ஒரு கைப்பழக்கம். குழாயின் வாயை ஸ்பிரிட் சுடரால் வாட்டி, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, கிருமி நீக்கிய பாட்டிலில் கொஞ்சம் காலியிடம் விட்டுப் பிடிக்க வேண்டும். பாட்டிலுக்குள் சோடியம் தயோசல்ஃபேட் துளி அளவு இருக்கும். அது குளோரினை அப்போதே செயலிழக்க வைக்கிறது. இல்லாவிட்டால் ஆய்வகம் போய்ச் சேரும் வழியெல்லாம் பாட்டிலுக்குள் குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டே வரும். குழாயில் இருந்தது ஒன்று, அறிக்கையில் இருப்பது வேறொன்று என்றாகிவிடும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும்.

ஆய்வகம் எட்டாத ஊர்களுக்காக நம் நாட்டிலேயே பிறந்த ஓர் உபாயம் உண்டு. குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் மஞ்சா என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1982-இல் வெளியிட்டது. சிறிய பாட்டிலுக்குள் ஊட்டமும் இரும்பு உப்பும் தோய்ந்த காகிதத் துண்டு. அதில் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால், மலத்தில் வாழும் பல பாக்டீரியங்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடும். அது இரும்போடு சேர்ந்து கறுத்துப்போகும். ஒன்றிரண்டு நாளில் பாட்டில் கறுத்தால் தண்ணீர் ஆகாது. நுண்ணோக்கி வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

ஆனால் சாட்சியும் சில சமயம் பொய்த்துப்போகும். 1955 நவம்பரில் தில்லியில் நஜஃப்கர் ஓடையின் கழிவுநீர் யமுனையில் எதிர்த்து ஏறி, வசீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. பொறியாளர்கள் கவனித்துவிட்டார்கள். படிகாரத்தையும் குளோரினையும் கூட்டினார்கள். பாக்டீரியங்கள் செத்தன, டைபாய்டு பெருகவில்லை. ஆனால் டிசம்பரில் தொடங்கி 1956 ஜனவரிக்குள் சுமார் 29,300 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. இன்று ஹெப்படைட்டிஸ் ஈ என்று நாம் அறியும் வைரஸ் அது. பாக்டீரியத்தைக் கொல்லப் போதுமானதாக இருந்த குளோரினைத் தாண்டி அது வீடுகளுக்குப் போய்விட்டது. கலங்கலோடு வரும் தண்ணீரில் வைரஸ் துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். முதலில் கலங்கலை நீக்காமல் குளோரினை எவ்வளவு கொட்டினாலும் அது வைரஸை எட்டாது. ஐ.எஸ். 10500 கலங்கலுக்கும் ஓர் எண் வைத்திருப்பது தண்ணீரின் அழகுக்காக அல்ல.

பாறை கொடுப்பது

கிருமியைக் கொல்லலாம். ஃபுளோரைடைக் கொல்ல முடியாது. அது உயிரில்லாத உப்பு. கொதிக்கவைத்தால் தண்ணீர் ஆவியாகி, மிஞ்சியதில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்துக்கு அடியில் இருப்பது சார்னோக்கைட், நைஸ் போன்ற பழம்பாறைகள். அவற்றில் உள்ள பயோடைட், அபடைட் கனிமங்களில் ஃபுளோரைடு உண்டு. விரிசலில் தண்ணீர் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவுக்குக் கரைத்துக்கொள்ளும். சாதாரணமாகக் கால்சியம் இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்துப் படியவைக்கும். மழை குறைந்த இந்தச் சமவெளியிலோ கால்சியம் மண்ணுக்குள்ளேயே சுக்காங்கல்லாக இறுகிவிடுகிறது. தண்ணீரில் ஃபுளோரைடு தடுப்பாரின்றித் தங்குகிறது. போர் ஆழமாகப் போகப் போகத் தண்ணீர் கிடைத்தது என்று மகிழ்கிறோம். பாறையோடு நெடுநாள் உறவாடிய தண்ணீர் அது என்பதை மறந்துவிடுகிறோம்.

இதன் விளைவை இந்தியாவில் முதலில் அடையாளம் கண்டதும் பழைய சென்னை மாகாணத்தில்தான். இன்றைய ஆந்திரத்தில் சேர்ந்துவிட்ட நெல்லூர் மாவட்டப் பகுதிகளில் முதுகு வளையாத, கழுத்து திரும்பாத விவசாயிகளைக் கண்டு, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பணியாற்றிய ஹென்றி ஷார்ட்டும் சகாக்களும் 1937-இல் எழுதினார்கள். கிணற்று ஃபுளோரைடுதான் காரணம். பல்லில் வெள்ளை, பழுப்புத் திட்டுகள் தொடக்கம். நெடுங்காலம் அதிகமாகக் குடித்தால் எலும்பு. நிலைப்பற்கள் உருவாகும் எட்டு வயதுக்குள் குடித்த தண்ணீரின் கறை ஆயுளுக்கும் இருக்கும்.

இதற்கு நடைமுறைத் தீர்வு தண்ணீரை மாற்றுவதே. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரியைக் கொண்டுபோனது அதனால்தான். ஜப்பான் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பில் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அவ்வளவு பெரிய குழாய் வராத இடத்தில் கலப்பு கைகொடுக்கும். ஓர் உதாரணத்துக்கு, 2.4 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள போர் தண்ணீரையும் 0.4 உள்ள ஆற்றுத் தண்ணீரையும் சரிபாதி கலந்தால் 1.4. வரம்புக்குள் வந்துவிடும். ஆற்றுத் தண்ணீர் வராத வாரத்தில் போர் தண்ணீரை மட்டும் விட்டால் மீண்டும் 2.4. ஆகவே ஃபுளோரைடைப் பொறுத்தவரை ஒருமுறை எடுத்த சான்றிதழ் அன்றைய தண்ணீருக்கு மட்டுமே சான்று.

வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. (எதிர்ச்சவ்வூடு பரவல்) பெட்டி வாங்க இந்த ஃபுளோரைடு பயமும் ஒரு காரணம். விற்க வருகிறவர் கையில் இரண்டு சாதனங்கள் இருக்கும். ஒன்று டி.டி.எஸ். மீட்டர். அது தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து உப்பின் மொத்த அளவை ஊகிக்கிறது. கிருமியோ, ஃபுளோரைடோ தனியாக அதற்குத் தெரியாது. இன்னொன்று, தண்ணீருக்குள் இரண்டு உலோகக் கம்பி விட்டு மின்சாரம் பாய்ச்சும் பெட்டி. குழாய்த் தண்ணீர் நொடியில் செம்மண் குழம்பு போல ஆகும், ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே நிற்கும். வீட்டுக்காரர் மிரண்டுபோவார். அந்தக் குழம்பு தண்ணீரில் இருந்த அழுக்கல்ல, கரைந்துபோன இரும்புக் கம்பி. உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், உப்பில்லாததில் ஓடாது. வேறொன்றும் இல்லை.

பட்டறை கொடுப்பது

மூன்றாவது வகைக் கேடு மனிதன் கலப்பது. பருத்தி நூலுக்கு ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் சாயத்தொட்டியில் ஏராளமாக உப்பு போட வேண்டும். சாயத்தில் ஒரு பங்கு நூலில் ஒட்டாமல் தண்ணீரோடு போகும். போட்ட உப்போ ஏறத்தாழ முழுவதும் போகும். சுத்திகரிப்பு நிலையம் நிறத்தைக் குறைக்கலாம். கரைந்த உப்பை நுண்ணுயிர் தின்னாது, படிகாரம் படியவைக்காது. கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் கழிவுநீர் அடுத்த வயலின் கிணற்றை உப்பாக்குவது இப்படித்தான்.

திருப்பூர் இதை நாட்டுக்கே பாடமாக்கியது. நொய்யலில் 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதில் சாயக்கழிவுத் தொட்டியாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்ற முறை அதன் பிறகே இறுகியது. எதிர்ச்சவ்வூடு பரவலில் நீரைப் பிரித்து, மிஞ்சியதைக் காய்ச்சி உப்பாக எடுக்க வேண்டும். செலவு கூடிய வேலை. அதனால்தான் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் அனுமதியற்ற பட்டறைகள் முளைப்பதும், மின் இணைப்பைத் துண்டித்து அதிகாரிகள் இடிப்பதும், மீண்டும் வேறொரு கொட்டகையில் முளைப்பதும் செய்தித்தாளில் வந்துகொண்டே இருக்கின்றன.

இதைப் பிடிக்கும் அதிகாரம் பேரூராட்சிக்கு அல்ல, 1982-இல் உருவான தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு மாதிரி எடுப்பதற்கே ஒரு சடங்கு வைத்திருக்கிறது. ஆலைக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை எடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒன்று தவறினாலும் அந்தப் பாட்டில் நீதிமன்றத்தில் வெறும் தண்ணீர். வேதியியல் சரியாக இருந்தும் வழக்கு தோற்பதற்கு இந்த இடம் போதும்.

பேரூராட்சியின் நிலை இங்கே இக்கட்டானது. பட்டறைக்குத் தொழில் உரிமம் தருவதும் அதுவே. சாக்கடையைப் பராமரிப்பதும் அதுவே. செப்டிக் டேங்க் லாரிகள் கழிவை ஓடையில் கொட்டாமல் பார்ப்பதும் அதன் பொறுப்பு. ஊரின் சாக்கடை சுத்தமாகாமல் ஓடையில் விழுந்தால் வாரியத்தின் முன் கைகட்டி நிற்க வேண்டியதும் அதே அலுவலகம்தான்.

எண்ணை எங்கே எழுதுவது

கிருமி, பாறை, பட்டறை மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. கிருமியைக் குழாய் நெடுகக் காவல் காக்க வேண்டும். பாறையின் தண்ணீரை மாற்றவோ கலக்கவோ வேண்டும். பட்டறையின் உப்பைப் பிறக்கும் இடத்திலேயே நிறுத்த வேண்டும். ஆற்றில் கலந்த பிறகு எந்த ஊராட்சியாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது. அவ்வளவையும் குளோரின் வாளியால் சரிக்கட்ட நினைப்பதும், ஆர்.ஓ. பெட்டியால் சரிக்கட்ட நினைப்பதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள்.

இதில் மிக வேகமாக மாறுவது கிருமிக் காவல். தினந்தோறும் அளக்க வேண்டியதும் அதுவே. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கொடுத்துப் பயிற்சி தருவது சரியான திசை. கேட்கப்படாத கேள்வி, அவர்கள் எடுத்த எண் எங்கே போகிறது என்பது. மாதிரி எடுத்தவரின் நோட்டிலிருந்து அலுவலகப் பதிவேட்டுக்கும், அங்கிருந்து திட்டத்தின் இணையதளத்துக்கும் போகிறது. குழாயடியில் குடம் வைத்திருப்பவருக்கு மட்டும் வருவதில்லை.

தமிழ்நாட்டின் மேல்நிலைத் தொட்டிகளில் சுத்தம் செய்த தேதியைப் பெயின்ட்டில் எழுதும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் தேதி, செய்த வேலையைச் சொல்கிறதே தவிர வந்து சேர்ந்த தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தெருக்கோடியில் ஒரு சிறிய பலகை வைத்து, அன்று காலை அந்தக் குழாயில் எஞ்சிய குளோரின் எவ்வளவு என்று சாக்பீஸால் எழுதினால் போதும். பக்கத்துத் தெருவில் 0.3, இங்கே மூன்று நாளாக 0. அப்படியானால் எங்கே தோண்ட வேண்டும் என்பது ஆய்வகத்தின் அறிக்கை வருவதற்கு முன்பே அந்தத் தெருவுக்குத் தெரிந்துவிடும். வார்டு உறுப்பினரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும்.